தோசைக்கல்லில் டோர்ட்டியா: செய்து பார்த்தது

எந்த நாட்டுச் சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டால் இத்தாலி, ஜப்பான், தாய்லாந்து என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு பண்டத்தை எடுத்து, பாக்கெட்டை நம்பாமல் முதலிலிருந்து வீட்டிலேயே செய்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதில் இப்போது வரிசை மாறிவிட்டது. மெக்சிகோ முதலிடத்துக்கு வந்துவிட்டது. காரணம், அந்த நாட்டு மக்காச்சோள ரொட்டியான டோர்ட்டியாவுக்குத் தேவைப்படும், நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு.

ஜப்பானின் தாஷி அருமையான சாறுதான். ஆனால் கொம்பு என்ற ஜப்பானியக் கடற்பாசியும் காய்ந்த மீன் சீவலும் பார்சலில் வந்துவிட்டால் நமக்கு அதில் பெரிய வேலை இல்லை. இத்தாலியில் எனக்குப் பிடித்த காச்சோ எ பெபே வெறும் பாஸ்தா, மிளகு, பெக்கொரினோ சீஸ்தான். அந்த சீஸ் விலைக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். டோர்ட்டியாவுக்குக் காய்ந்த மக்காச்சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் போதும். மூன்றும் எங்கள் தெருவிலேயே கிடைக்கும்.

அரை கிலோ சோளத்துக்கு, அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு உலர்ந்த சுண்ணாம்பு, அதாவது 5 கிராம் போதும். கடையில் கிடைப்பது ஈரமான களிம்பு என்பதால் நான் கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறேன். நிறமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வர், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் சோளத்தைப் போட்டதுமே மஞ்சள் அடர்ந்து கிட்டத்தட்ட குங்குமப்பூ நிறத்துக்கு வரும். முக்கால் மணி நேரம் சிறு தீயில் கொதித்ததும் ஒரு மணியைக் கடித்துப் பார்க்கிறேன். வெளியே மெத்தென்றும் நடுவில் மட்டும் கடுக்கென்றும் இருந்தால் அடுப்பை அணைத்து, ராத்திரி முழுக்க அப்படியே மூடி வைத்துவிடுவேன்.

காலையில் கைவிட்டால் தண்ணீர் கொழகொழவென்று இருக்கும். கசக்கக் கசக்க தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். அலசி முடித்ததும் எழும் வாசனையை வர்ணிப்பது கஷ்டம். அவித்த சோளமும் முதல் மழை மண்ணும் கலந்தாற்போல இருக்கிறது.

இந்தச் சுண்ணாம்பு வேலை வெறும் தோல் உரிக்க மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமினை உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி தானியம் கட்டி வைத்திருக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பிப் பிழைத்த வட இத்தாலி ஏழைகளிடமும், பின்னால் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பரவியது. அது கிருமியால் வருவதில்லை, சாப்பாட்டுக் குறையால் வருவது என்று 1910களில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டினார். மெக்சிகோ பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற பேச்சே தேவைப்படவில்லை. யுனெஸ்கோ 2010இல் அந்த நாட்டுப் பாரம்பரியச் சமையலைத் தன் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

சரி, அரைப்பது. கிரைண்டருக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், மாவு இளகிவிடும். அங்கே மெத்தாத்தே என்ற மூன்று கால் கல்லில் அரைக்கிறார்கள். நம் அம்மிக்கு அண்ணன் என்றே சொல்லலாம். எனக்கு அம்மியில் முதுகு ஒத்துழைக்காததால் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டு ஓட்டுகிறேன். உருட்டி அழுத்தினால் ஓரம் வெடிக்கக்கூடாது, கையிலும் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். கடையில் விற்கும் வெள்ளை கார்ன்ஃப்ளார் இதற்கு ஆகாது, அது வெறும் ஸ்டார்ச்.

இரண்டு பாலிதீன் தாளுக்கு நடுவே உருண்டையை வைத்து, கனமான தட்டால் அழுத்தி, நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் போட வேண்டும். இருபது விநாடியில் திருப்பு, அடுத்த பக்கம் ஒரு நிமிடம், மறுபடி திருப்பி நடுவில் லேசாக அழுத்து. பதம் சரியாக இருந்தால் உப்பும். இப்போதைக்கு எனக்குப் பாதிதான் உப்புகிறது. உப்பாததும் ருசியில் குறைவில்லை. சுட்டதும் துணியில் சுற்றி வைத்தால் ஆவியில் மெத்தென்று ஆகிவிடும்.

தொட்டுக்கொள்ள, அதே கல்லில் தக்காளி, பூண்டு, பச்சைமிளகாயைக் கருகச் சுட்டு உப்போடு கொரகொரவென்று அரைத்த சல்சா. தாளிக்க வேண்டாம். மீந்த டோர்ட்டியாவைத் துண்டாக்கிப் பொரித்து, மறுநாள் காலை சூடான சல்சாவில் புரட்டினால் சிலாகிலெஸ். எங்கள் வீட்டில் இதற்காகவே கூடுதலாகச் சுடச் சொல்கிறார்கள்.