உதைப்பதா, பிரிப்பதா?
போன ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டி பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் எஞ்சின் வாங்கினேன். 98 சிசி, டூ-ஸ்ட்ரோக். "நல்லா ஓடிட்டிருந்த எஞ்சின் சார்" என்றார் கடைக்காரர். ஓடாத எஞ்சினை அங்கே யாரும் விற்பதே இல்லை!

வண்டியில் மாட்டி ஒரு உதை விடலாம் என்று கால் துறுதுறுத்தது. மெக்கானிக் அண்ணன் விடவில்லை. "எத்தனை வருஷமா கிடந்துச்சோ. மொதல்ல சைலன்சர் மாட்டுற ஓட்டை வழியா பாரு தம்பி." டூ-ஸ்ட்ரோக்கில் அது ஒரு வசதி. சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றாமலே அந்த ஓட்டையில் டார்ச் அடித்தால் பிஸ்டனும் ரிங்கும் தெரியும். பார்த்தோம். பிஸ்டனில் நீளவாக்கில் நான்கு கோடுகள். எப்போதோ ஒருமுறை ஜாம் ஆகியிருக்கிறது.

சரி, ஹெட்டும் சிலிண்டரும் கழன்றன. பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், ஆட்டமே இல்லை. பக்கவாட்டில் லேசாக அசைந்தது. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் கிராங்கின் மேக்னெட் பக்கத்தில் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கல்லாக இறுகிக் கிடந்தது. அது வழியாகக் காற்று உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். அந்தக் கோடுகளுக்கு அநேகமாக அதுதான் காரணம்.

கிராங்கைப் பிரிக்கவில்லை. பேரிங் சத்தமில்லாமல் சுற்றுகிறது, அதற்கு மேல் தோண்ட அண்ணனுக்கும் மனமில்லை. சிலிண்டர் போரிங் போட, அதாவது உள்சுவரைக் கொஞ்சம் அகலமாகக் கடைய, லேத்துக்குப் போயிருக்கிறது. அதற்கேற்ற, கொஞ்சம் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் ஒரிஜினல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.