கடன் சங்கம் ஒன்றைப் பதிவு செய்து முடித்த அனுபவம்

திருகோணமலை சாம்பல்தீவுப் பக்கம் எங்கள் பெண்கள் குழு மாதாமாதம் காசு சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வந்தது. சேர்ந்த காசு கூடக் கூட, அது ஆர் வீட்டில் இருக்கிறது என்ற கதையும் கூடியது. குழுவின் பெயரில் கணக்குத் திறக்க வங்கிக்குப் போனால் பதிவு கேட்டார்கள். அங்கத்தவர்களின் சேமிப்பை அவர்களுக்கே கடனாகக் கொடுக்கிற சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவோம் என்று அப்போதுதான் முடிவெடுத்தோம்.

இதற்கு மத்திய வங்கிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சிறுகடன் கொடுக்கும் கம்பனிகளுக்கான 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டத்துக்குள் கூட்டுறவுச் சங்கங்கள் வரவில்லை. எங்களுக்குரியது 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி பதிவு, மேற்பார்வை, கணக்காய்வு எல்லாம் மாகாணத்தின் கையில். கிழக்கு மாகாணத் தலைமைக் கந்தோர்கள் திருகோணமலையில் இருப்பதால் எங்களுக்கு ஒரு பஸ் பயணத்தோடு வேலை முடியும். அம்பாறைக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

18 வயது நிறைந்த, அந்த இடத்தில் வசிக்கிற 10 பேர் இருந்தால் சங்கம் தொடங்கலாம். எங்களிடம் அதைவிடக் கூடவே ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்ததும் ஆள் கணக்குக் கேட்கவில்லை.

"பக்கத்தில ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்குத்தானே, அதில சேரலாமே?" என்றார்.

அந்தச் சங்கம் பொதுக்கூட்டம் வைத்தே பல வருசம். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரே இடத்தில் இரண்டு சங்கம் இருந்தால் ஒரே ஆள் இரண்டிலும் கடன் எடுப்பார், கடைசியில் இரண்டும் படுக்கும். எங்கள் தலைவி அக்கா விடவில்லை. "சேர், அதில சேர்ந்தா அவையின்ர பழைய கடனும் எங்கட தலையில வரும். அதுக்கு ஆர் பொறுப்பு?" என்று கேட்டா. அவர் சிரித்துவிட்டு, எங்கள் செயற்பாட்டு எல்லையை எங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவோடு நிறுத்தி எழுதித் தரச் சொன்னார். நிலாவெளி உறவுக்காரரையும் சேர்க்கலாம் என்ற ஆசையை அன்றைக்கே விட்டோம். முழு வேலையிலும் ஆகக்கூடிய நாள் இழுத்தது இந்த எல்லைக் கதைதான்.

உபவிதி, அதாவது சங்கத்தின் சொந்த விதிகள், மாதிரிப் படிவமாகவே கிடைக்கும், வெற்றிடம் நிரப்பினால் சரி என்பார்கள். அந்த வெற்றிடங்களில்தான் சங்கமே இருக்கிறது. பங்கு எவ்வளவு, ஒரு ஆளுக்கு ஆகக்கூடிய கடன் எவ்வளவு, பிணை எத்தனை பேர், வட்டி என்ன? வட்டிக்கு ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நுண்கடன் கம்பனிகளிடம் எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனில் அடிபட்டவர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்ததும், வட்டிக்கு வருடம் 35 வீத உச்சம் வைத்ததும் அவர்களுக்கு நல்ல ஞாபகம். அதனால் வட்டியே வேண்டாம் என்றார்கள் சிலர். அப்படியென்றால் சேமிப்புப் போடுகிறவருக்கு எதைக் கொடுப்பது? கடைசியில் குறைந்துபோகும் மீதிக்கு மாதம் ஒரு வீதம் என்று ஒத்துக்கொண்டோம்.

பதிந்தால் அரசாங்கம் என்ன தரும் என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். பதிந்ததற்காக எங்களுக்குக் கையில் காசு எதுவும் கிடைக்கவில்லை. வருசா வருசம் கணக்காய்வு உண்டு. அங்கத்தவரோடு கடன் பிணக்கு வந்தால் நேரே வழக்குக்குப் போகாமல் மாகாணக் கூட்டுறவு ஆணையாளரிடம் கொண்டுபோய் நடுத்தீர்ப்புக் கேட்கலாம். என்னைக் கேட்டால் மானியத்தை விட இது பெரிசு. மானியம் வந்த கையோடு கூட்டம் கலைந்த சங்கங்களும் உண்டு.

பதிவு தராதது ஒன்றும் இருக்கிறது. வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் உள்ள 11 லட்சம் ரூபா வரையான வைப்புக் காப்புறுதி எங்களுக்கு இல்லை. இதை முதல் பொதுக்கூட்டத்திலேயே சொன்னோம். ஒரு அம்மா உடனே தன் காசைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனா. போகட்டும், மறைத்துச் சேர்த்து என்ன செய்ய?

தொடங்கப் போகிறவர்களுக்கு இரண்டு விசயம். கூட்ட அறிக்கையைத் தனித்தாளில் எழுதாதீர்கள், பக்க இலக்கம் போட்ட கட்டுக் கொப்பி வாங்குங்கள். செயலாளரும் பொருளாளரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்க வேண்டாம். எங்களிடமும் அக்கா தங்கச்சி இரண்டு பேரின் பெயர் வந்தது. தங்கச்சி கடன் குழுவுக்கு மாறினா.