இது என்ன செல்?

நரம்பு ஸ்டெம் செல்களோடு (தானும் பெருகி, மூளையின் பலவகைச் செல்களாகவும் மாறக்கூடியவை) வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அப்போ அல்சைமருக்கு மருந்து வந்துடுமா?" ஆய்வகத்துக்குள் நாங்கள் கேட்டுக்கொள்வது அதைவிட ரொம்பச் சின்னக் கேள்வி. தட்டில் கிடக்கும் இந்தச் செல் என்ன செல்? என் பணிக்காலத்தில் பெரும்பகுதி இதற்குப் பதில் தேடுவதிலேயே போயிருக்கிறது.

1992-ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ரெனால்ட்ஸ், வைஸ் என்ற இருவர், வளர்ந்த சுண்டெலியின் மூளைத் திசுவைப் பிரித்து, இ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். செல்கள் பெருகி, உருண்டை உருண்டையாக மிதந்தன. நியூரோஸ்பியர் என்று பெயர். இன்றும் நாங்கள் கையாளும் முறைகளில் அது ஒன்று. 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, சில நாளுக்கொரு முறை புது மீடியம், அதாவது செல்களுக்கான ஊட்டத் திரவம். உருண்டை ரொம்பப் பெரிதானால் அதன் நடுப்பகுதி கறுத்துவிடும். ஆக்சிஜன் உள்ளே எட்டாமல் செல்கள் சாகின்றன என்று அர்த்தம். அதற்கு முன்னால் நொதி சேர்த்து, பைப்பெட்டால் மெல்ல உறிஞ்சி விட்டு, தனித்தனிச் செல்லாகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் சில செல்கள் கிழியும். அவற்றிலிருந்து கசியும் டி.என்.ஏ, கொழகொழவென்று நூல்போல இழுத்து, நன்றாக இருக்கும் செல்களையும் சேர்த்து ஒட்டிவிடும். இந்தக் கைப்பக்குவம் எந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் இருக்காது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, உருண்டை வந்துவிட்டது. ஸ்டெம் செல் கிடைத்துவிட்டதா? இல்லை. ஸ்டெம் செல்லிலிருந்து வந்து, வேகமாகப் பிரிந்தாலும் தன்னை நெடுநாள் புதுப்பித்துக்கொள்ள முடியாத சாதாரண முன்னோடிச் செல்லும் உருண்டை கட்டும். போதாக்குறைக்கு, அருகருகே மிதக்கும் உருண்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே ஓர் உருண்டை ஒரே தாய்ச் செல்லிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதனால் அடுத்த சோதனை: வளர்ச்சிக் காரணியை நிறுத்தி, லாமினின் என்ற ஒட்டும் புரதம் பூசிய பரப்பில் செல்களை ஒட்டவைத்தால், நியூரான் என்ற நரம்புச் செல், அதைத் தாங்கும் அஸ்ட்ரோசைட், அதற்கு உறை கட்டும் ஒலிகோடென்ட்ரோசைட் மூன்றும் வர வேண்டும். ஆன்டிபாடி சாயம் போட்டுப் பார்க்கும்போது பச்சையாக நீளும் முதல் நியூரானைக் கண்டு புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். நான் கேட்பது வேறு தட்டை: நியூரானை அடையாளம் காணும் முதல் ஆன்டிபாடி போடாமல், அதில் ஒட்டிப் பச்சை காட்டும் இரண்டாவதை மட்டும் போட்ட தட்டு. அதிலும் பச்சை தெரிந்தால் கொண்டாட்டம் தள்ளிப்போகும். அது சுத்தமாக இருந்தாலும், மின் அளவீடு செய்யும் சக ஊழியர் எட்டிப்பார்த்து, "அழகா இருக்கு, சிக்னல் வருதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நியூரானைப் போல இருப்பது வேறு, நியூரானாக வேலை செய்வது வேறு.

தட்டில் கிடக்கும் செல்லுக்கே இந்தப் பாடு என்றால், மனித மூளையைக் கேட்கவே வேண்டாம். வளர்ந்த மூளையில் புது நியூரான் பிறக்காது என்பது நெடுநாள் நம்பிக்கை. 1960-களில் ஜோசப் ஆல்ட்மன் எலிகளில் பிறக்கிறது என்று காட்டினார். யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. 1998-ல் எரிக்சன், கேஜ் குழுவினர், சிகிச்சையின்போது, புதிதாகப் பிரியும் செல்களில் பதியும் ஒரு குறியீட்டு வேதிப்பொருள் ஏற்றப்பட்டிருந்த 5 புற்றுநோயாளிகளின் மூளையை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்து, நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புது நியூரான்களைக் கண்டார்கள். 2013-ல் ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசேன் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்துச் செல்களின் வயதைக் கணித்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 நியூரான்கள் சேர்கின்றன என்றது. முடிந்தது என்று நினைத்தோம். 2018-ல் ஒரு குழு, பெரியவர்களிடம் ஒன்றுமே தென்படவில்லை என்றது. அதே ஆண்டு இன்னொரு குழு, முதுமையிலும் தொடர்கிறது என்றது.

சண்டையின் ஒரு முக்கியமான முடிச்சு எங்கே என்று பார்த்தால், திசுவைப் பதப்படுத்தும் பாத்திரத்தில். இளம் நியூரானை அடையாளம் காட்டும் டபுள்கார்ட்டின் என்ற புரதம், திசு ஃபார்மலின் வகைக் கரைசலில் அதிக நேரம் ஊறினால் சாயத்தில் தெரியாமல் போகும். 2019-ல் மாட்ரிட் குழு இதைக் கவனமாகக் கட்டுப்படுத்திப் பார்த்தபோது, முதியவர்களிடம் இளம் நியூரான்கள் ஏராளமாகத் தெரிந்தன. அல்சைமர் நோயாளிகளிடம் நோய் முற்ற முற்றக் குறைந்தன. விவாதம் இன்னும் ஓயவில்லை. குறைவது நோயின் காரணமா, விளைவா என்பதும் தனிக் கேள்வி.

பார்க்கின்சனில் கதை கொஞ்சம் தெளிவு, ஏனென்றால் அங்கே எந்தச் செல் போய்விட்டது என்பது தெரியும்: டோபமின் சுரக்கும் செல். 1980-களில் ஸ்வீடனின் லுண்டில் கருமூளைத் திசுவை நோயாளிகளுக்குப் பதித்தார்கள். சிலருக்கு நல்ல பலன். பிற்பாடு இப்படிப் பதித்தவர்களில் சிலருக்குக் கட்டுக்கடங்காத உடல் அசைவுகள் வந்தன. டோபமின் செல்லோடு கலந்து உள்ளே போன, செரோட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மீது பிறகு சந்தேகம் விழுந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கலவையைக் கொடுத்தால் கலவைதான் வேலை செய்யும். 2018-ல் கியோட்டோவில் தொடங்கிய ஆய்வில் ஐ.பி.எஸ் செல்லிலிருந்து (வளர்ந்த உடற்செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பியது) செய்த டோபமின் செல் முன்னோடிகளை, கோரின் என்ற மேற்பரப்புப் புரதத்தை அடையாளமாக வைத்துப் பிரித்தெடுத்து, 7 பேருக்குப் பதித்தார்கள். 2025-ல் வந்த அறிக்கையில் கட்டி எதுவும் வளரவில்லை. பலன் பார்த்த 6 பேரில் 4 பேருக்கு அசைவு மேம்பட்டிருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வுதான், ஆனாலும் அந்தப் பிரித்தெடுக்கும் படிதான் எனக்கு அதில் பிடித்த பகுதி.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வும் உண்டு. அட்டாக்சியா டெலஞ்சியெக்டேசியா என்ற மரபு நோய் உள்ள ஒரு சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை மூளையில் செலுத்தினார்கள். சுமார் 4 ஆண்டுகள் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். மரபணுவைச் சோதித்ததில் அவை அவனுடைய செல்கள் அல்ல, கொடையாளர்களுடையவை என்று 2009-ல் வெளியானது.

இதனால்தான் நோயாளிகளின் வீட்டிலிருந்து யாராவது அழைத்து, "ஸ்டெம் செல் ஊசி போடுறாங்களாம், போகலாமா?" என்று கேட்டால் நான் நேரடியாக வேண்டாம் என்று சொல்வதில்லை. கேட்க வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கிறேன்: எந்தச் செல், எங்கிருந்து வந்தது, எப்படிச் சோதித்தீர்கள், பதிவு செய்த ஆய்வா? அப்பாவுக்குப் பார்க்கின்சன் உள்ள ஒருவர் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். "உங்க சொந்தச் செல்தானே சார், அதுக்கு என்ன சோதனை?" என்றார்களாம் ஊசி போடும் இடத்தில். அப்புறம் இருவரும் உட்கார்ந்து, பதிவாகியுள்ள ஆய்வுகளின் பட்டியலை ஒன்றொன்றாகப் பார்த்தோம். எல்லாவற்றிலும் வயது வரம்பைத் தாண்டியிருந்தார் அவர் அப்பா.