ரூபலாவுக்கு வயதாகவில்லை

"விவேக் கதைங்களா?" என்றார் பக்கத்து இருக்கைப் பெரியவர். உக்கடத்தில் பஸ் ஏறியதும் பிரித்த ராஜேஷ்குமார் நாவல்; துப்பறிபவன் விவேக். கிணத்துக்கடவு தாண்டியும் நான் நிமிரவில்லை. சாணிக் காகிதத்தின் மை கட்டைவிரலில் ஒட்டியிருந்தது.

பள்ளி நாட்களில் படித்தபோது தந்தியும் டிரங்க் காலும்தான். இப்போது செல்போன், சிசிடிவி. விவேக்கின் மனைவி ரூபலாவுக்கு மட்டும் அன்றைய அதே வயது. உதவியாளன் விஷ்ணுவின் குறும்பும் குறையவில்லை.

விவேக் சாகமாட்டான் என்று தெரியும். ஆனாலும் பூட்டிய வீட்டுக்குள் அவன் நுழைந்தபோது எனக்கு மூச்சு நின்றது. 1,500 நாவல்களுக்கு மேல் எழுதிய பிறகும் இந்தக் கோவைக்காரருக்கு அது கைவருகிறது!

கொலையாளி யார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். பழகிய மனிதர்கள் நலமாக இருக்கிறார்களா என்று பார்க்கவே மனம் ஓடுகிறது. தொடரின் முதல் கதையில் இந்தச் சுகம் கிடைக்காது.