பிஜிபி பாத் பண்புகள்: வரிசையை மனப்பாடம் செய்வதற்கு முன்

மஞ்சக்குப்பம் வீட்டு மாடியில் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்த நாட்களில், இணையத்தின் வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லப் பயன்படுத்தும் நெறிமுறையான பிஜிபி, ஒவ்வொரு வழியோடும் வரும் விவரங்களை (பாத் பண்புகளை) ஒப்பிட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் வரிசையை வாய்ப்பாடு போல ஒப்பித்தேன்; கேள்வி சற்று மாறினாலும் விடை தவறியது.

தெளிவு தந்தது எங்கள் ஊர்ச் சாலைதான். கடலூரிலிருந்து சென்னை செல்பவர், புதுச்சேரியைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் போகலாம், திண்டிவனம் வழியாகவும் போகலாம். எந்த வழியில் போவதென்று நம் வீட்டுக்குள் எடுக்கும் முடிவே லோக்கல் பிரிஃபரன்ஸ். அது நம் தன்னாட்சி அமைப்பை (ஏஎஸ்), அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்பை, தாண்டி வெளியே போவதில்லை, அதிக எண்ணே வெல்லும். மெட் என்பதோ, இந்த வாசல் வழியாக வாருங்கள் என்று அண்டை அமைப்பு விடுக்கும் வேண்டுகோள். அங்கே குறைந்த எண்ணுக்கே முன்னுரிமை. ஏஎஸ் பாத், அதாவது வழியிலுள்ள அமைப்புகளின் எண் பட்டியல், தொலைவை அளப்பதில்லை, கடக்கும் அமைப்புகளை மட்டுமே எண்ணுகிறது.

ரௌட்டர்களைக் கணினியிலேயே இயக்கிப் பார்க்க உதவும் ஜிஎன்எஸ்3 மென்பொருளில் சோதித்தபோது, ஏஎஸ் பாத்தில் 65010 என்ற ஒற்றை அமைப்பு எண் கொண்ட வழியை விட்டுவிட்டு, 65020 65030 65010 என்ற நீண்ட வழிக்கே ரௌட்டர் சிறந்த வழிக்கான குறியை இட்டது; ஏஎஸ் பாத்துக்கு முன்பே பார்க்கப்படும் லோக்கல் பிரிஃபரன்ஸ் அதற்கு 200, மற்றதற்கு இயல்பான 100. சிஸ்கோ ரௌட்டர்களில், அந்தந்த ரௌட்டருக்குள் மட்டுமே செல்லுபடியாகும் எண்ணான வெயிட் இதற்கும் முன்னால் பார்க்கப்படும்.

என் கருத்தில் மிகுந்த கவனம் வேண்டுவது நெக்ஸ்ட் ஹாப், அதாவது அந்த வழியில் அடுத்து அனுப்ப வேண்டிய ரௌட்டரின் முகவரி. வெளி அண்டையிடம் பெற்ற வழியை ஐபிஜிபி (ஒரே அமைப்புக்குள் இயங்கும் பிஜிபி) மூலம் உள்ளே அனுப்பும்போது அந்த முகவரி இயல்பாக மாறாது. அதை எட்ட முடியாத ரௌட்டர், மற்றப் பண்புகள் எவ்வளவு சிறந்திருந்தாலும், அந்த வழியைப் போட்டியில் சேர்ப்பதேயில்லை. எல்லை ரௌட்டரில், தன் முகவரியையே நெக்ஸ்ட் ஹாப்பாக இடச் சொல்லும் நெக்ஸ்ட் ஹாப் செல்ஃப் கட்டளையைக் கொடுத்த பிறகுதான், விடுபட்டிருந்த வழி என் அட்டவணையில் வந்து சேர்ந்தது.