கொழிஞ்சாம்பாறை மாடியில் 96 சூரியன்

மார்ச்சில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடங்கின பிறகுதான் தொலைநோக்கியை மொட்டை மாடிக்குத் தூக்கினேன். எம்82 என்ற கேலக்ஸி இங்கிருந்து வடக்கே 31 டிகிரிக்கு மேல் ஏறாது. தோப்புத் தென்னங்கீற்றுக்குச் சற்று மேலே, 6 அங்குலக் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. சுருட்டு கேலக்ஸி என்ற பெயர் பொருத்தம்தான்.

அதற்குள் வருஷத்துக்கு எவ்வளவு நட்சத்திரம் பிறக்கிறது என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். பிறக்கிற இடமெல்லாம் தூசி. எங்கள் பக்கத்துச் செங்கல் சூளையை மண் பூசி மூடிவிட்டால் உள்ளே நெருப்பு தெரியாது, ஆனால் கிட்டே போனால் முகத்தில் அனல் அடிக்கும். அதே கதைதான். இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியைத் தூசி விழுங்கி, சூடாகி, அகச்சிவப்பில் கக்குகிறது. அந்த அனலை அளந்தால் போதும்.

அளந்து வைத்திருக்கிறார்கள். 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் திரவ ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் வானத்தைத் துழாவியது. எம்82-க்கு 12, 25, 60, 100 மைக்ரான் அலைநீளங்களில் 79, 333, 1480, 1374 ஜான்ஸ்கி (வந்துசேரும் ஒளியை அளக்கும் அலகு). நாலையும் எடை போட்டுக் கூட்டி, தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் மொத்த அகச்சிவப்பு ஒளிர்வு. ஆயிரம் கோடி சூரிய ஒளிர்வுக்கு, வருஷத்துக்கு ஒன்றரை சூரியன் எடைக்குப் புது நட்சத்திரம் என்பது இன்றைய வாய்பாடு.

எனக்கு வந்தது வருஷத்துக்கு 96 சூரியன் எடை! ராத்திரி பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டு மாஷை (வாத்தியாரை) கூப்பிட்டுக் காட்டினேன். எக்செல்லை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தூரம் 12-னு போட்டிருக்கியே, எதில?"

"கேலக்ஸிக்கு 1.2 கோடி ஒளியாண்டு, மாஷே. பத்து லட்சத்தில 12."

"உன் வாய்பாடு மெகாபார்செக் கேக்குதே."

ஒரு மெகாபார்செக் என்றால் முப்பது லட்சம் ஒளியாண்டுக்கும் மேல். 3.5 என்று மாற்றினேன். 5,500 கோடி சூரிய ஒளிர்வு, 8.2 சூரியன். தூரம் வர்க்கத்தில் வருவதால் ஒரு கட்டத்துத் தப்பு பன்னிரண்டு மடங்காக வீங்கியிருக்கிறது. மாஷ் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கூச்சம். 1998-ல் வானியலாளர் கென்னிகட் கொடுத்த பழைய வாய்பாட்டில் இதே ஒளிர்வுக்கு ஒன்பதரை வருகிறது. எடை குறைந்த நட்சத்திரங்கள் எத்தனை என்ற அனுமானம் மாறியது வித்தியாசத்துக்கு ஒரு காரணம்.

அடுத்து ஆண்ட்ரோமெடா. 0.36 வந்தது. நம் பால்வெளியே ஒன்றிரண்டு சூரியன் தேறும்போது, அதைவிடப் பெரிதாகச் சொல்லப்படுகிற கேலக்ஸிக்கு இவ்வளவுதானா? இந்த 0.36-ம் முழுசாக நம்பத் தகுந்ததல்ல. அங்கே தூசியைச் சூடாக்குவதில் பழைய நட்சத்திரங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. சூளை அணைந்து நாளானாலும் வெயிலில் மண் சுடும் அல்லவா, அந்த மாதிரி. எது பிள்ளைச் சூடு, எது கிழச் சூடு என்று பிரிக்க இந்த நாலு எண் போதாது. 24 மைக்ரானையும் ஹைட்ரஜன் சிவப்பு ஒளியையும் சேர்த்துப் பார்க்கும் முறையைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

மழை முடிந்து நவம்பரில் அடுத்த கேலக்ஸி, என்ஜிசி 253. அது தெற்கே 54 டிகிரிக்கு ஏறும், தென்னை மறைக்காது.