பின்வளவுத் துண்டு: பிரிக்க முன் ஒழுங்கையைக் கீறுங்கள்

கால் ஏக்கர் வளவை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது எல்லாரும் கேட்பது, ஆளுக்கு எத்தனை பரப்பு என்று. அதற்கு முதல் கேட்க வேண்டியது, பின்துண்டுக்காரர் எந்த வழியால் வீட்டுக்குப் போவார் என்று.

வன்னியில் றோட்டு முகம் குறைந்து பின்னுக்கு நீண்ட வளவுகள் நிறைய. 66 அடி முகம், 165 அடி நீளம் என்றால் சரியாக 40 பேர்ச், அதாவது 4 பரப்பு. நீளவாக்கில் பிளந்தால் ஆளுக்கு 33 அடி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வீடு என்று வரும்போது கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடம் கிடையாது. ஆகவே குறுக்கே வெட்டி, ஒரு பக்கத்தால் பின்னுக்கு ஒழுங்கை விடுகிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் கம்பத்தோடு நிற்கிற கொடி மாதிரி இருக்கும்.

ஆனால் சேவையரைக் கூப்பிட முன் காணி என்ன வகை என்று பாருங்கள். குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. கையில் இருப்பது பெர்மிட் மட்டும் என்றால் உங்கள் இஷ்டத்துக்குத் துண்டு போட்டு விற்க முடியாது. அரசு காணியை உங்களுக்கு எழுதிக்கொடுத்த அளிப்புப் பத்திரம் இருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முதலே வேண்டும். சம்மதமில்லாமல் எழுதிய உறுதி செல்லாது. எந்த அளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்பதும் அளிப்பிலேயே இருக்கும். அதை வாசிக்காமல் சேவையருக்குக் காசு கொடுப்பது வீண். தனியார் உறுதிக் காணி என்றால் இந்தத் தலையிடி இல்லை. ஆனால் சகோதரங்களுக்குள் இன்னும் பிரிபடாத பங்காக இருந்தால், ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க முன் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும். வடக்குத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்குத்தான்.

அளவுக்கு வருவோம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் குடியிருப்புத் துண்டு ஒன்றுக்கு ஆகக் குறைந்தது 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச் என்று இருந்தது. அகலம் 6 மீற்றர். ஒழுங்கை 3 மீற்றருக்குக் குறையக்கூடாது என்றிருந்தது. போய்ச்சேரும் துண்டுகள் கூடக்கூட ஒழுங்கையின் அகலமும் கூட வேண்டும். 2021இல் புதிய பொது ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன. ஆகவே உங்கள் இடம் அந்த அதிகார சபையின் பிரகடனத்துக்குள் வருகிறதா, இப்போது எந்த அளவு கேட்கிறார்கள் என்று பிரதேச சபையில் கேட்டுக்கொண்டு வரைபடத்துக்குப் போங்கள்.

3 மீற்றர் என்றால் 10 அடிக்குக் கொஞ்சம் குறைவு. வரைபடத்தில் அது போதும் போலத் தெரியும். இரண்டு பக்கமும் கிளுவங்கதியால் நட்டு, இரண்டு மாரி போனதும் பாருங்கள்: வேலி ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி உள்ளுக்கு வந்து நிற்கும். மிஞ்சுவது 8 அடி. கல்லோ மணலோ ஏற்றின ரிப்பர் லொறி அதற்குள் நுழையாது; பின்துண்டில் வீடு கட்டுகிறவர் முன்வளவில் பறித்து லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் இழுக்க வேண்டிவரும். 12 அடி விடுங்கள். ஒழுங்கை வாசலில், றோட்டில் இருந்து திரும்புகிற மூலையை 5 அடி சரித்து வெட்டிவிடுங்கள். றோட்டு ஒடுக்கம் என்றால் இந்த மூலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அந்த 12 அடியை யார் தலையில் போடுவது? சண்டை வருவது இங்கேதான். ஆளுக்கு 20 பேர்ச் என்று எழுதி, ஒழுங்கையைப் பின்துண்டோடு சேர்த்தால் பின்னுக்கு இருப்பவருக்கு வீட்டுக்கென்று மிஞ்சுவது 15½ பேர்ச் மட்டில். நியாயமான வழி, எல்லையை றோட்டில் இருந்து 90¾ அடியில் போடுவது. முன்துண்டு 54 அடி அகலத்தில் 18 பேர்ச், பின்துண்டு 66 அடி அகலத்தில் 18 பேர்ச், ஒழுங்கை 4 பேர்ச். ஒழுங்கையைத் தனித் துண்டாக இலக்கமிட்டு, பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

பின்துண்டுக்காரருக்கே சொந்தமாக்கினால் பராமரிப்பில் குழப்பம் வராது. ஆனால் முன்வளவுக்காரர் அந்தப் பக்கம் படலை வைக்க முடியாது. பொதுவாக்கினால் இரண்டு உறுதியின் அட்டவணையிலும் ஒரே வசனம் வர வேண்டும்: அகலம், நீளம், எந்த எல்லையோடு போகிறது, நடைபாதையா வாகனப் பாதையா, மின்கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் உரிமை உண்டா. 'வழிவாய்க்கால் உரிமையோடு' என்று ஒற்றை வரியில் முடிக்கிற நொத்தாரிசுகள் இருக்கிறார்கள். முன்வளவு கைமாறியதும் அந்த வரியை வைத்துக்கொண்டு கோடேற வேண்டிவரும். வழியே இல்லாத துண்டுக்கு நீதிமன்றம் வழி தரும். ஆனால் நட்டஈடு கட்ட வேண்டும், வருடங்களும் போகும். பத்து வருடம் தடையில்லாமல் நடந்த பாதை என்று காட்டுவதும் சாட்சி தேடுகிற வேலை.

பின்துண்டை நாளைக்கு இன்னும் இரண்டாகப் பிரிக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே 15 அடி விடுங்கள். வீடு கட்டின பிறகு முன்வளவுக்காரர் 3 அடி தரமாட்டார்.

கிணறும் குழியும் எல்லைக் கல் போட முன் பென்சிலால் குறிக்க வேண்டியவை. உங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் மட்டுமில்லை, பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் 50 அடியாவது இருக்கட்டும். மேலே சொன்ன அளவில் பின்துண்டின் ஆழம் 74 அடிதான். பின்னுக்குக் கிணற்றைக் கடைசி மூலையில் வைத்து, குழியை எதிர் மூலையில் ஒழுங்கைப் பக்கம் வைத்தால் இடம் வரும். முன்துண்டின் கிணறு அப்போது றோட்டுப் பக்கம் போக வேண்டும். பழைய கிணறு ஒன்றைப் பங்காகப் பாவிப்பதென்றால் கிணற்றுப் பங்கும், அதற்குப் போகிற வழியும் உறுதியில் ஏற வேண்டும்.

கடைசியாக மாரித் தண்ணீர். ஒழுங்கைக்குக் கிரவல் போட்டு உயர்த்துகிற ஆட்கள் முன்வளவுக்குள் தண்ணீரைத் தள்ளிவிடுகிறார்கள். வளவின் சரிவு குளத்துப் பக்கமா றோட்டுப் பக்கமா என்று கார்த்திகை மழைக்குள் போய்ப் பாருங்கள். சரிவான பக்கத்தில் ஒன்றரை அடி வாய்க்காலுக்கு விட்டு, மிச்சத்துக்கு மட்டும் கிரவல் போடுங்கள். வாய்க்காலுக்கு விடுகிற அந்த ஒன்றரை அடியும் 12க்குள்ளேதான் வரும். அதனால் வேலி ஓரத்தை ஒவ்வொரு மாரி முடியவும் வெட்டுங்கள்.